காற்சட்டை ஒன்றா, இரண்டா?



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்ந்துவரும் தமிழ்ப் பெருமக்களோடு இன்று ஒரு சிறு செய்தியைப் பற்றி உரையாட விரும்புகிறோம். ஒரு சிறுவனின் அரைக்காற்சட்டையளவே உள்ள செய்திதான். ஆயினும் அதன் மடிப்பை விரித்துப் பார்த்தால் இரண்டு மொழிகளின் இயல்பும், நம் பிள்ளைகளின் உள்ளத்தைப் பற்றிய ஒரு கவலையும் அதற்குள் இருப்பதைக் காணலாம்.

பனச்சமூடு என்பது கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளைச் சார்ந்த எல்லையூர்களுள் ஒன்று. 'மூடு' என்றால் மரத்தின் அடிப்பகுதி. புளியமூடு, வெஞ்ஞாறமூடு என்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது, நாவில் விழவில்லை. பனச்சமூட்டுச் சந்தையில் இன்றும் ஒருவர் தமிழில் விலை கேட்க, மற்றவர் மலையாளத்தில் விடை சொல்ல, இருவருக்கும் ஐயமின்றி வணிகம் நடைபெறும்.

அச்சந்தையை ஒட்டிய தையற்கடை ஒன்றில் ஒரு கோடை விடுமுறையின்போது நாம் அமர்ந்திருந்தோம். வெளி மாநிலத்தில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பேரன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு மூதாட்டி ஒருவர் வந்தார். "பிள்ளைக்கு ஒரு நிக்கர் தைக்கணும்" என்றார். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாட்டி, ஒரு நிக்கர் என்று சொல்லக் கூடாது. அது எப்போதும் பன்மை. எங்கள் பள்ளியில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்" என்றான். பாட்டியார் சற்றும் கலங்கவில்லை. "ஏ மக்களே, காலு ரெண்டு இருந்தா நிக்கரும் ரெண்டாயிருமா?" என்று கேட்டார். கடையில் இருந்தோர் அனைவரும் நகைத்தனர். பையன் மட்டும் நகைக்கவில்லை.

அந்தச் சிறுவனின் முகம் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில் அந்த நாணத்தை நாமும் ஒரு காலத்தில் அனுபவித்திருக்கிறோம். முதன்முதலாக வெளி மாநிலத்தில் வேலையில் சேர்ந்த நாளில், சீருடை வேண்டி எழுதிய விண்ணப்பத்தில் 'ஒரு டிரவுசர்' என்று ஒருமையில் எழுதிவிட்டோம். மேலதிகாரி அதனைப் பலர் நடுவே உரக்கப் படித்து, "மற்றொரு காலுக்கு என்ன செய்வீர்?" என்று கேட்டார். அன்று நமக்கு விடை தெரியவில்லை. தையற்கடை மூதாட்டியின் கேள்வியில் அந்த விடையின் பாதி இருந்தது. மறுபாதியை இப்போது தேடுவோம்.

முதலில் ஆங்கிலத்தின் வழக்கம் யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிரவுசர்ஸ், பேன்ட்ஸ், ஷார்ட்ஸ், ப்ரீச்சஸ், டிராயர்ஸ், நிக்கர்ஸ், பைஜாமாஸ் ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் பன்மையாகவே வழங்கும். பொருள் ஒன்றே ஆயினும் 'இவை கிழிந்துள்ளன' என்று பன்மை வினைதான் வரும். ஒன்றென எண்ண வேண்டுமாயின் 'ஓர் இணை டிரவுசர்ஸ்' என்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஓர் இணை காலணி என்றால் கையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஓர் இணை டிரவுசர்ஸ் என்றால் ஒரே பொருள்தான் இருக்கும். சலவைச் சீட்டில் 'டிரவுசர்ஸ் 2 இணை' என்று கண்டு, தாம் கொடுத்தவை இரண்டுதானே, நான்கு எப்படி வந்தன என்று திகைத்த நம்மவர் உண்டு.

இவ்வழக்கத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் ஆடவர் காலுக்கு அணிந்த 'ஹோஸ்' என்னும் உறை உண்மையிலேயே இரண்டு தனித்தனித் துண்டுகள். வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று என அணிந்து, இரண்டையும் இடையிலோ மேலாடையிலோ நாடாக்களால் பிணைத்துக் கட்டுவர். 15-ஆம் நூற்றாண்டில்தான் அவ்விரண்டும் மேலே இணைத்துத் தைக்கப்பட்டு ஓர் ஆடையாயின. ஆடை ஒன்றான பின்னும் பழைய பன்மை நாவில் தங்கிவிட்டது என்பர். இதில் உண்மை உண்டு. 'ப்ரீச்சஸ்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. பழைய ஆங்கிலத்தில் 'ப்ரோக்' என்பது ஒருமை. 'ப்ரேக்' என்பது பன்மை. பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' என்னும் சொல் பன்மையில் 'ஃபீட்' ஆவதைப் போன்ற உயிரெழுத்து மாற்றம் அது. பிற்காலத்தார் அது பன்மை என்பதையே மறந்து, அதன்மேல் மற்றொரு பன்மை விகுதியையும் சேர்த்தனர். அச்சொல் இவ்வாறு இரட்டைப் பன்மை ஆயிற்று.

ஆனால் இக்காரணம் எல்லாச் சொற்களுக்கும் பொருந்துமா? பொருந்தாது. 'டிரவுசர்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் வழங்கிய கேலிக் மொழியின் சொல்லொன்று ஆங்கிலத்துக்குள் 'ட்ரவ்ஸ்' என்று நுழைந்தது. மூலமொழியில் அது ஒருமைச் சொல். அதன் இறுதியிலிருந்த ஸகர ஒலி பன்மை விகுதியன்று; சொல்லின் உடலோடு பிறந்தது. அதனை ஆங்கிலேயர் பன்மையாகக் கருதலாயினர். 17-ஆம் நூற்றாண்டில் 'டிராயர்ஸ்' என்னும் சொல்லின் சாயலில் அதனை நீட்டி 'டிரவுசர்ஸ்' என்றே ஆக்கிக்கொண்டனர். பட்டாணியின் கதை இதற்கு நேர்மாறானது. 'பீஸ்' என்பது முன்னர்த் தானியத்தின் பெயர். அதன் இறுதி ஒலியைப் பன்மை விகுதியென்று மயங்கி, அதை வெட்டியெறிந்து, 'பீ' என்னும் புதிய ஒருமையைப் படைத்தனர். ஒரே மயக்கம் ஓரிடத்தில் வாலை ஒட்டியது. மற்றோரிடத்தில் வாலை அறுத்தது.

நம் நாட்டுச் சொல்லொன்றுக்கும் இது நேர்ந்தது. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால்; 'ஜாமா' என்றால் ஆடை. கால்ஆடை என்னும் பொருளுடைய அச்சொல் இந்தியிலும் உருதுவிலும் 'பாஜாமா' என ஒருமையாகவே வழங்குகிறது. தமிழிலும் 'பைஜாமா' ஒன்றுதான். ஆங்கிலேயர் அதனை இந்தியாவிலிருந்து கொண்டுசென்றபோது, வால் இல்லாத அச்சொல்லுக்கும் ஒரு வாலை ஒட்டி 'பைஜாமாஸ்' என்றனர். பைஜாமாவின் இரு கால்களும் எந்தக் காலத்திலும் தனித்தனியாக இருந்து நாடாவால் கட்டப்பட்டவை அல்லவே! ஆகவே துணியின் வரலாறு மட்டும் இங்கே காரணமன்று. முன்னரே இருந்த சொற்களின் வாய்ப்பாடுதான் காரணம். வரிசையில் முன்னே நிற்பவர் அனைவரும் தலைப்பாகை அணிந்திருந்தால், புதிதாக வருபவனும் அணிந்துகொள்வதைப் போன்றது அது.

'பேன்ட்ஸ்', 'நிக்கர்ஸ்' ஆகிய சொற்களின் பிறப்பு இன்னும் சுவையானது. இத்தாலிய நகைச்சுவை நாடகங்களில் பாந்தலோனே என்னும் பெயருடைய வெனிஸ் நகர வணிகக் கிழவன் ஒரு பாத்திரம். அவன் அணிந்த நீண்ட காலுடையைக் கொண்டு 'பாண்டலூன்ஸ்' என்னும் பெயர் எழுந்தது; அதன் சுருக்கமே 'பேன்ட்ஸ்'. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், 1809-இல் நியூயார்க் நகரின் வரலாற்றை நகைச்சுவையாக எழுதி, நிக்கர்பாக்கர் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். அந்நூலுக்குப் பின்னர் வரையப்பட்ட படங்களில் பழைய டச்சுக் குடியேறிகள் முழங்காலளவு தொளதொளத்த காற்சட்டையுடன் காணப்பட்டனர். அதனால் அவ்வுடை 'நிக்கர்பாக்கர்ஸ்' எனப் பெயர் பெற்றது. பின்னர் 'நிக்கர்ஸ்' எனக் குறுகியது. மனிதன் ஒருவனின் பெயராக இருந்தவரை ஒருமையாக நின்ற சொற்கள், காலுடையின் பெயராக மாறிய உடனே பன்மையாகிவிட்டன.

இனி ஒரு தடை எழலாம். சட்டைக்கும் இரண்டு கைகள் உண்டே, அது ஏன் பன்மையாகவில்லை? ஆங்கிலத்தில் சட்டையும் கோட்டும் ஒருமைதான். காரணம், சட்டைக்கு உடலென ஒரு பெரும்பகுதி இருக்கிறது. கைகள் அதன் உறுப்புகள். காற்சட்டைக்கோ, இடுப்புப் பட்டையை நீக்கினால் எஞ்சுவன இரண்டு கிளைகளே. சமமான இரு கிளைகள் ஓரிடத்தில் கூடும் பொருளை ஆங்கிலம் இரண்டாகக் காண்கிறது. ஆடைக்கு வெளியேயும் இதனைக் காணலாம். கத்தரிக்கோல், இடுக்கி, மூக்குக்கண்ணாடி, தராசு ஆகிய யாவும் ஆங்கிலத்தில் பன்மையாகவே பெரிதும் வழங்குகின்றன.

ஆயினும் இது பொருளின் இயற்கையன்று. மொழியின் நோக்கே என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்று கிடைக்கிறது. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மன் மொழியில் காற்சட்டை ஒருமை, கத்தரிக்கோலும் ஒருமை, மூக்குக்கண்ணாடியும் ஒருமை. காற்சட்டைக்கு அங்கே வழங்கும் பெயர் நாம் முன்னர்க் கண்ட அதே 'ஹோஸ்' என்னும் சொல்லின் மறுவடிவம்தான். பிரெஞ்சு மொழியிலோ கத்தரிக்கோலும் கண்ணாடியும் பன்மை, காற்சட்டை ஒருமை. இத்தாலியர் மூன்றையும் பன்மையாக்குவர். கத்தரிக்கோல் எந்நாட்டிலும் ஒரே வகையாகத்தான் வெட்டுகிறது. அதை எண்ணும் நாவுகள்தாம் வேறுபடுகின்றன.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். தமிழ் எவ்வாறு எண்ணுகிறது? 'கிளி பறந்தது' என்கிறோம். 'கிளி பறந்தன' என்றும் சொல்லலாம். கிளி என்னும் பெயர் இரண்டிடத்தும் மாறவில்லை. ஒன்றா பலவா என்பதை வினைமுற்றே காட்டுகிறது. இத்தகைய பெயரைப் பால் பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூலார் குறித்தார். அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி வரினும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே அறியப்பட்ட வழக்கு. 'பத்துத் தேங்காய்', 'நூறு ரூபாய்' என்று எண்ணுப்பெயர் முன்னே நின்றால் விகுதியே வேண்டுவதில்லை. எல்லைக்கு அப்பால் மலையாளமும் இவ்வாறே 'ரண்டு முண்டு' என்கிறது.

இரட்டையாக அமைந்த பொருள்களிடத்தில் தமிழின் நோக்கு இன்னும் தெளிவாகும். 'கண் எரிகிறது' என்றால் இரு கண்களும் எரிகின்றன. 'கால் கழுவி வா' என்று வீட்டில் சொன்னால் யாரும் ஒரு காலை மட்டும் கழுவிக்கொண்டு வருவதில்லை. இணையே நமக்கு முழுமை. முழுமைக்கு ஒரே பெயர் போதும். அந்த முழுமை குலைந்து ஒன்று மட்டும் எஞ்சும்போதுதான் நாம் குறிப்புச் சொல்லைச் சேர்க்கிறோம். ஒற்றைக்கண், ஒற்றைக்கால், ஒற்றைச் செருப்பு என்கிறோம். கண்ணகி கையில் ஏந்திச் சென்றது ஒற்றைச் சிலம்பு. அந்த 'ஒற்றை' என்னும் சொல்லுக்குள்ளே ஒரு காப்பியத்தின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது அன்றோ! ஆங்கிலம் இணையைப் பன்மையால் குறிக்கிறது. தமிழ் இணையின் பிரிவை 'ஒற்றை'யால் குறிக்கிறது.

காலுடைகளுக்கும் நம்மிடம் பெயர் இல்லாமல் இல்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் சுடலைமாடன் கோயில் கொடையின்போது சாமியாடுவோர் அரையில் அணியும் குறுங்காலுடைக்குச் சல்லடம் என்று பெயர். அதற்கும் இரு கால்கள் உண்டு, பெயரோ ஒருமை. 'கால்சராய்' என்னும் சொல் எல்லையின் இருபுறத்தும் சிறு ஒலி வேறுபாட்டுடன் வழங்குகிறது. இரு மொழியிலும் அது ஒன்றே.

அப்படியாயின் நம் மொழி இரண்டை இரண்டாக எங்கே காண்கிறது? உண்மையில் இரண்டாக இருக்குமிடத்தில் காண்கிறது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. வேலை தேடி எல்லை கடந்த தமிழர் என்ற வகையில் அவர்கள் உங்களுக்கு முன்னோடிகள். அவர்கள் வாழும் தெருக்களுள் ஒன்றுக்கு ஒற்றைத்தெரு என்றும் மற்றொன்றுக்கு இரட்டைத்தெரு என்றும் பெயர். அவ்வூர்த் தறிகளில் நெய்யப்படும் பெண்டிர் உடைக்கு முண்டும் நேரியதும் என்று பெயர். இடையில் உடுப்பது முண்டு; மேலே அணிவது நேரியது. துணி இரண்டு, ஆகவே பெயரும் இரண்டு, இரண்டையும் 'உம்' இணைக்கிறது. வேட்டியையோ எண்ணாமல் அளக்கிறோம்: நாலு முழம், எட்டு முழம் என்று. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து உடுத்தாலும் அது ஒரு வேட்டியே. துணி எத்தனை துண்டோ அத்தனையே எண்ணிக்கை என்பது நெசவாளனின் கணக்கு. அதுவே நம் மொழியின் கணக்கும் ஆகும்.

இந்நிலையில் ஆங்கிலச் சொற்கள் கடல்கடந்து நம்மிடம் வந்தன. வந்தவற்றை நம் மொழி என்ன செய்தது? நிக்கர்ஸ் என்பதன் வாலை நீக்கி நிக்கர் ஆக்கியது. டிரவுசர்ஸ் என்பது டிரவுசர் ஆகி, பேச்சில் டவுசர் ஆயிற்று. பேன்ட்ஸ் பேன்ட் ஆனது. சில சொற்களில் வால் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஆயினும் அதன் வேலை போய்விட்டது. 'சாக்ஸ் கிழிந்துவிட்டது' என்று ஒருமை வினையோடு சொல்கிறோம். மலையாளத்தில் 'ஷூஸ்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலேயர் நம் பைஜாமாவுக்கு வால் ஒட்டினர். நாம் அவர்கள் நிக்கரின் வாலை அறுத்தோம். இருதரத்தாரும் விருந்தாளிச் சொல்லுக்குத் தத்தம் வீட்டு உடையை உடுத்தினர். இதில் பிழை செய்தவர் எவருமிலர்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறோம்? பிற மாநிலத்தில் அலுவலகத்திலும் பள்ளியிலும் கடைவீதியிலும் ஆங்கிலம் பேசும் நம்மவர் 'ஒரு பேன்ட்' என்று சொல்லி நகைப்புக்கு ஆளாவதுண்டு. அது அறியாமையால் வந்த சொல்லன்று. பால் பகா அஃறிணைப் பெயரை ஆளும் ஒரு பழைய இலக்கணம் அவர் நாவில் நின்று பேசுகிறது. ஆங்கிலம் பேசும்போது ஆங்கிலத்தின் வழக்கை மதித்துப் பன்மையைப் பயன்படுத்துவதே முறை. விருந்துக்குச் சென்ற வீட்டில் அவ்வீட்டு வழக்கப்படி உண்பதைப் போன்றது அது. ஆனால் அந்த வழக்கைக் கொண்டுவந்து, தமிழ் பேசும் தாயையும் பாட்டியையும் திருத்துவது முறையன்று. ஆங்கிலமும் தன் விதியில் அசையாமல் நிற்கவில்லை. காற்சட்டைப் பையைக் குறிக்கும்போது அதன் வால் தானே விழுந்து 'டிரவுசர் பாக்கெட்' ஆகிறது. இன்று அந்நாட்டு ஆடை வணிகர்களே தம் விளம்பரங்களில் 'ஒரு டிரவுசர்' என்று எழுதுவதுண்டு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கின்றனர். அது அவர்கள் பெற்ற பேறு. ஆனால் ஒரு மொழியின் அளவுகோலால் மற்றொரு மொழியை அளந்து, தம் வீட்டு மொழி குறைவுடையது என்று அவர்கள் எண்ணத் தொடங்கினால், அப்பேறு இழப்பாக மாறிவிடும். தாய்மொழியில் பேச நாணும் பிள்ளை முதலில் இழப்பது சொற்களை அல்ல, பாட்டியை இழக்கிறது. 'ஏன் அப்படிச் சொல்கிறார்கள், நாம் ஏன் இப்படிச் சொல்கிறோம்' என்று உங்கள் பிள்ளை கேட்கும்போது, 'நமக்குத் தெரியாது' என்றோ, 'நாம் சொல்வது தவறு' என்றோ சொல்லிவிடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் காரணத்தையும் சொல்லுங்கள்.

அன்று அந்தத் தையற்கடையில் சிறுவனை அருகழைத்து, இவற்றுள் இரண்டொன்றை மட்டும் நாம் சொன்னோம். பைஜாமாவின் கதை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு தையற்காரரின் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலைக் காட்டி, "இதுவும் அங்கே பன்மை, இங்கே ஒருமை, இல்லையா?" என்று கேட்டான். "ஆம்" என்றோம். அவன் பாட்டியிடம் திரும்பி, "பாட்டி, எனக்கு ஒரு நிக்கர் போதாது, இரண்டு நிக்கர் வேண்டும்" என்றான். பாட்டியாரும் நகைத்தபடி இசைந்தார். தையற்காரர் அளவெடுத்து, மலையாளத்தில் குறித்துக்கொண்டார்: நிக்கர், ரண்டு.